கழுதையின் முன்பாதி

பல் தீட்டலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தேன். திரைச்சீலை தொங்குகிற கம்பியில் ஒரு தலை மாட்டியிருந்தது. சாம்பல் நிற ஓநாய்த் தலை. ஒரு காது மட்டும் ஊதா. அதற்கு எதிரே கதிரையில் மேசைவிசிறி ஓடிக்கொண்டிருக்க, அந்தக் காற்றுக்கு ஓநாயின் கன்னத்து மயிர் மெல்ல அலைந்தது. கண்கள் என்னையே பார்த்தன. நான் வாயில் பிரஷ்ஷோடு "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கனடாவுக்கு வந்த புதிதில் பழகிய பழக்கம் அது. எது விளங்காவிட்டாலும் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிவிட்டு விலகி நின்றால் இந்த நாடு மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அன்று அது பார்த்துக்கொள்ளவில்லை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் யாரோ இறங்கி வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். மேலே ஓநாய்த் தலை, கீழே என் மகள் டிலானியின் பழைய பைஜாமா. "பிள்ளை, நீயோ?" என்று கேட்டேன். அது வாய் திறக்கவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, தலையை ஆட்டியது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, வீட்டுக்கு வெளியே ஸ்நோவுக்குள் சாரத்தோடும் வெறுங்காலோடும் நான் நிற்பது. கதவை எப்படித் திறந்தேன், யாரை இடித்தேன் எதுவும் தெரியாது. கையில் தேத்தண்ணிக் கோப்பை மட்டும் சிந்தாமல் இருந்தது. எத்தனை பெரிய கலவரத்திலும் தேத்தண்ணியைக் கைவிடாத இனம் நாங்கள். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் தன் வாசலில் ஸ்நோ தள்ளிக்கொண்டிருந்தார். என் சாரத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எல்லாம் சரிதானா என்று கேட்டார். "ஓல் குட், ஓல் குட், சும்மா ஸ்நோவைப் பார்க்க வந்தேன்" என்றேன். அவர் ஏதோ பெரிதாக விளங்கிக்கொண்டவர்போலத் தலையசைத்து, தன்னுடைய சவளை, ஸ்நோ அள்ளுகிற மண்வெட்டியை, கொண்டுவந்து என் கையில் தந்தார். ஸ்நோ தள்ள வந்தவனிடம் சவள் இல்லை என்று நினைத்திருக்கிறார், பாவம். மறுக்க ஆங்கிலம் போதாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஸ்நோ தள்ளினேன். கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் ஓநாய் நின்று பார்த்தது. அது தன் கையைக் கண்ணாடியில் வைத்திருந்தது. கூப்பிடுகிறதா, வேண்டாம் என்கிறதா என்று தெரியவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். இங்கே 'ஃபர்ரி' என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மனிதரைப்போல நடக்கிற, பேசுகிற விலங்குகளில் பிரியம் உள்ளவர்கள். படம் கீறுவார்கள், கதை எழுதுவார்கள். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு விலங்கைத் தெரிந்தெடுத்து அதற்குப் பெயரும் குணமும் வைத்திருப்பார்கள். அதை 'ஃபர்சோனா' என்கிறார்கள். சிலர் அந்த விலங்கின் முழு உடுப்பையும் தைத்துப் போட்டுக்கொள்வார்கள். இன்ரர்நெற்றில் சந்தித்து, பிறகு ஹோட்டல்களில் கூடுவார்கள். நீங்கள் இதை வாசிக்கிற நேரம் மன்னார்ப் பெருநிலப் பக்கம் யுத்தத்தில் ஷெல் விழுந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளையும் பாயையும் தூக்கிக்கொண்டு மரத்தடியில் இருக்கிறவர்களுக்கு ஓநாய் வேஷம் பற்றிக் கட்டுரை எழுதுகிறவனை என்ன செய்யலாம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அடிக்கலாம். ஆனால் விசா எடுத்து வந்துதான் அடிக்க வேண்டும். அதுவரைக்கும் எழுதிவிடுகிறேன்.

டிலானி பேசாத பிள்ளை. ஊமை இல்லை, பேச்சு அவளுக்குள் எங்கேயோ ஒரு சோதனைச் சாவடியில் மறிபட்டு நிற்கும். வகுப்பில் வருடம் முழுக்க வாய் திறக்கவில்லை என்று ஆசிரியை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். தமிழர்களின் பிறந்தநாள் விழாக்களில் அவள் கோக் கிளாஸைப் பிடித்தபடி சுவரோடு சுவராக நிற்பாள். "உங்கட மகள் ஏன் கதைக்கிறாள் இல்லை, பெருமையோ?" என்று சாறிக்கடைபோல உடுத்த அன்ரிமார் கேட்பார்கள். நான் "இல்லை, இவள் கதைக்கிற பங்கையும் சேர்த்து நான் கதைச்சு முடிச்சிட்டன்" என்று பகிடி விடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

அப்படிப்பட்டவள் கோடை முழுக்க நிலக்கீழ் அறையில் இருந்து பஞ்சும் மயிர்த்துணியும் வெட்டித் தைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஏதோ புரொஜெக்ட் என்று நானும் மனைவி ரெஜினாவும் நினைத்தோம். வால் வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. தலையை நான் அந்தக் குளியலறையில்தான் முதல்முதல் கண்டேன். ரெஜினா கேட்டாள்: "ஏன் பிள்ளை ஓநாய்? ஒரு ஆட்டுக்குட்டியாய் இருந்திருக்கலாமே. வேதத்திலயும் இடமிருக்கு." அதோடு அவளுடைய எதிர்ப்பு முடிந்தது. வாலைக் கையில் எடுத்து உதறிப் பார்த்தாள். "இந்தத் தையல் இரண்டு நாளில பிரியும்" என்றாள். தன்னுடைய மெசினில் போட்டு மறுபடி தைத்துக் கொடுத்தாள். தாய்க்கும் மகளுக்கும் அந்த வாலில் சமாதானம் ஆகிவிட்டது. ஓடினவன் நான் ஒருவன்தான்.

"இதென்ன பிள்ளை இந்த வேசம்?" என்று ஸ்நோ தள்ளின அன்று பின்னேரம் கேட்டேன். கால் இரண்டையும் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டபடி கேட்டதால் என் கேள்வியில் அதிகாரம் இருக்கவில்லை.

"வேசம் இல்லை அப்பா. அது ஆஷ்." ஓநாயின் பெயர் ஆஷ். "மற்ற நேரம்தான் வேசம். வீட்டில தமிழ்ப்பிள்ளை, ஸ்கூல்ல கனடாப்பிள்ளை, கோயில்ல நல்லபிள்ளை. எல்லாத்துக்கும் நான் பிராக்டிஸ் பண்ணவேணும். ஆஷுக்குப் பிராக்டிஸ் தேவையில்லை. ஆஷா நிண்டா சின்னப் பிள்ளையள் வந்து கட்டிப் பிடிக்குதுகள். என்ன படிக்கிறாய், ஏன் கதைக்கிறாய் இல்லை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அங்க இருக்கிற எல்லாரும் எங்கயோ ஒரு இடத்தில சுவரோட நிண்ட ஆக்கள்தான்."

என் மகள் என்னோடு அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசுவதற்கு அவளுக்கு ஓநாய் தேவைப்பட்டது. நான் வாளிக்குள் கால்விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பனும் ஒரு காலத்தில் விலங்குதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் எந்த விலங்கு என்று கேட்பாள். பிறகு, பாதி விலங்கா, மற்றப் பாதி யார் என்று கேட்பாள்.

மன்னார்த் தீவைத் தெரியாதவர்களுக்கு: அங்கே கழுதைகள் யாருக்கும் சொந்தமில்லை. பஸ் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் அவை நிற்கும். மழை வந்தால் கடை விறாந்தையில் எங்களுக்கு முன்னால் அவை ஏறும். தலைமன்னார்ப் பக்கத்தில் எங்கள் கோயிலில் ஒவ்வொரு நத்தாருக்கும் யேசு பிறப்பு நாடகம் போடுவார்கள். (ஊரை ஒரு மைல்கட்டை தள்ளித்தான் வைத்திருக்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.) மாதா கழுதையோடு பெத்லகேம் போகிற காட்சிக்கு, சும்மா திரிகிற ஒன்றைப் பிடித்துவந்து மேடையில் ஏற்றினார்கள். அது மாட்டுத் தொழுவத்தின் கூரையைத் தின்றது. வானதூதரான சம்மனசு இடையருக்கு நற்செய்தி சொல்லத் தொடங்கியதும் தானும் சேர்ந்து கத்தியது. சூசையப்பருக்கு உதைத்தது. "அடுத்த வருசம் மனிசக் கழுதை போதும்" என்று சுவாமியார் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சபை முழுக்க என்னைப் பார்த்தது. அவ்வளவு ஒற்றுமையாக எங்கள் பங்குமக்கள் வேறொரு முடிவும் எடுத்ததில்லை.

கழுதையின் பின்பாதியாக வந்தவன் லெம்பேட். கடற்கரையில் வலை இழுக்கிற பெடியன். நாலு சொல்லைச் சேர்த்துப் பேசமாட்டான். பெண்பிள்ளைகள் வந்தால் வள்ளத்துக்குப் பின்னால் போய்விடுவான். பின்பாதிக்கு முகம் தேவையில்லை என்பதால்தான் ஒத்துக்கொண்டான். அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்ததுதான் உடம்பு. தலை கம்பியும் கடதாசியும். நான் நிமிர்ந்து நின்று கழுத்தில் இருக்கிற இரண்டு ஓட்டையால் பார்ப்பேன். அவன் எனக்குப் பின்னால் குனிந்து, என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். அவனுக்குத் தெரிவது என் குதிக்கால் மட்டும். "இடம்" என்று நான் மெல்லச் சொன்னால் இடம். "வலம்" என்றால் வலம். எனக்கோ பின்னால் திரும்ப முடியாது. திரும்பினால் கழுதையின் கழுத்து முறிந்துவிடும்.

அந்தச் சாக்குக்குள் போனால்தான் லெம்பேட் பேசுவான். ஐயோ, என்ன பேச்சு! யாரைக் காதலிக்கிறான், எந்த வள்ள முதலாளிச் சம்மாட்டிக்கு அடிக்க வேண்டும், கடலில் எந்த இடத்தில் எந்த மீன் என்று எல்லாம் என் முதுகுக்குச் சொல்வான்.

"டேய் மனுவேல், மத்தியானம் என்னத்தையடா திண்டனி? எனக்கு இஞ்ச சீவன் போகுது."

"பொறுமையாயிரு. பெத்லகேம் வந்திட்டுது."

"மச்சான், இவள் மாதாவா நடிக்கிறவள் என்னைப் பாத்தாளோடா?"

"உன்னை எங்கயடா பாக்கிறது? நீ கழுதையின்ர குண்டி."

"பரவாயில்லை. பாத்தாளோ?"

நுளம்பு கடித்தால் வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்ப்பது அவனுடைய பழக்கம். ஒரு நாள் மேடையில் அதைச் செய்துவிட்டான். கழுதை நிற்கிற நிலையில் பின்னங்கால் ஒன்று தானாக எழும்பி மற்றக் காலைத் தேய்த்ததும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சுவாமியாரே வாயைப் பொத்தினார். அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குப் போனாலும் "கால்! கால்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். வெளியில் வந்ததும் லெம்பேட் மறுபடி வள்ளத்துக்குப் பின்னால் போய்விடுவான். ஆனால் முகம் மலர்ந்திருக்கும். தீவில் அவனுடைய முகம் தெரியாத ஆட்களுக்கும் அவனுடைய கால் தெரிந்திருந்தது.

ஒரு தரம் கழுதையை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஆமிச் சென்ட்ரியில் மறித்தார்கள். சாக்கைக் குத்திப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களத்தில் "பூருவா", கழுதை, என்றேன். போட்டுக் காட்டு என்றான் ஒரு ஆமிக்காரன். நடுறோட்டில் போட்டோம். நடந்தோம். லெம்பேட் காலைத் தேய்த்தான். அவர்களும் எங்கள் சனத்தைப் போலவே விழுந்து சிரித்தார்கள். ஒருவன் வந்து கழுதையின் வாய்க்குள் ஒரு பிஸ்கற் வைத்தான். "இஞ்சாலயும் ஒரு ஆள் இருக்கெண்டு சொல்லடா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உள்ளே எங்கள் நாலு காலும் நடுங்கிக்கொண்டிருந்தன. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு அதுவும் நடிப்பு.

பிறகு வந்த ஒரு மாரியில் லெம்பேட் நறுவிலிக்குளத்துக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போனான். திரும்பி வரும் வழியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். பஸ் வந்தது, அவன் வரவில்லை. அவனுடைய தாய் ஒவ்வொரு ஆமிக் காம்பாக ஏறி இறங்கினார். இங்கே இல்லை என்றார்கள். அந்த நத்தாருக்குக் கழுதை இல்லாமலே மாதா பெத்லகேம் போனார்.

இந்த இடத்தில் ரொறொன்ரோவுக்குத் திரும்புகிறேன். எனக்கு மூச்சு வாங்க வேண்டும்.

டிலானி ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அப்பா, எயார்போட் பக்கத்து ஹோட்டல்ல எங்கட கன்வென்ஷன். கடைசியில பரேட் இருக்கு. தலையைப் போட்டா முன்னுக்குக் கொஞ்சம்தான் தெரியும், காலடி தெரியாது. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஹாண்ட்லர் வேணும். நீங்கள் வருவீங்களா?"

"ஓநாய் கடிச்சா இன்ஷூரன்ஸ் குடுக்குமோ?" என்றேன்.

"அப்பா, பகிடி வேண்டாம். ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ."

"எனக்கும் ஒரு சங்கிலி குடுப்பினமோ, உன்னைக் கட்டிப் பிடிக்க?"

அவள் கரண்டியை வைத்தாள். "உங்களுக்கு என்னைப் பாக்க வெக்கம். அண்டைக்கு ஸ்நோவுக்குள்ள ஓடினீங்கள். அதுக்குப் பிறகு நான் ஆஷைப் போட்டா நீங்கள் ரூமை விட்டுப் போயிடுறீங்கள். நான் கவனிக்கேல்லை எண்டு நினைச்சீங்களா?" தட்டைத் தள்ளிவைத்தாள். "மாசக் கடைசியில நான் ஃபிரெண்ட்ஸோட அப்பாட்மென்ட் எடுத்துப் போறன். அங்க ஒருத்தரும் என்னைப் பாத்து ஓடமாட்டினம்."

அவள் எழும்பிப் போய்விட்டாள். அந்த ஃபிரெண்ட்ஸ் ஒரு கரடி, ஒரு முயல், மற்றது கடவுள் படைக்க மறந்த ஏதோ ஒன்று. "என்னப்பா நீங்கள், பிள்ளைக்கு ஒரு மறுமொழி சொல்லத் தெரியாதோ?" என்றாள் ரெஜினா. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் மறுமொழி வைத்திருந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏன் ஓடினேன் என்று ரெஜினாவுக்கும் நான் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் ஊரில் இருந்தது. தலைமன்னாரிலிருந்து அக்கா எடுக்கிற ஒவ்வொரு ரெலிபோன் கோலிலும், யார் இடம்பெயர்ந்தார்கள், அரிசி என்ன விலை என்பதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒன்று வரும்: "லெம்பேட்டின்ர தாய் பூசை முடிய வந்து கேட்டவ. மனுவேலுக்குக் கனடாவில ஏதும் தெரியவந்துதோ எண்டு." கனடா உயரமான இடம், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்று அந்த மனுசி நினைக்கிறார். "ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ அக்கா" என்பேன். பொய் இல்லை. எனக்குத் தெரிந்தது தெரிந்ததுதானா என்று எனக்கே தெரியாது.

லெம்பேட் காணாமற்போய்ச் சில மாதங்கள் கழிய ஒரு விடியலில் எங்கள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வெயில் ஏறும்வரை இருத்திவைத்து, பிறகு வரிசையாக நடக்கவிட்டார்கள். பூவரச மரத்தின் கீழே ஒரு கதிரை. அதில் ஒருவன். தலையில் சாக்கு; கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி; இயக்கத்து ஆட்களை ஆமிக்குக் காட்டிக்கொடுக்க இருத்தப்பட்டவன். ஒவ்வொருவனாக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். தலை அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தலை மேலும் கீழும் ஆடினால் ட்ரக்கில் ஏற வேண்டும். எனக்கு முன்னால் போனவர்களில் இரண்டு பேருக்குத் தலை ஆடியது. ஒருவர் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்.

நான் எந்த இயக்கத்திலும் இல்லை. ஆனால் அந்தக் கதிரைக்கு முன்னால் நிற்கிறபோது செய்யாத குற்றமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். நிமிர்ந்து அந்த ஓட்டைகளைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன். வெறுங்கால் இரண்டு தெரிந்தன. வீங்கியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கால் மெல்ல எழும்பி, இடது கெண்டைக்காலை ஒரு தரம் தேய்த்துவிட்டு, இறங்கியது.

சாக்கு அசையவில்லை. "போ" என்றார்கள். போனேன். திரும்பிப் பார்க்க முடியாது. பார்த்தால் ஏன் பார்க்கிறாய் என்று கேட்பார்கள். கழுதைக்குள் நடக்கிற மாதிரி முன்னுக்கு மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இடுப்பு வெறுமையாக இருந்தது. கொஞ்ச நாளில் வள்ளம் ஏறி அக்கரை போய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து இங்கே வந்தேன்.

அது லெம்பேட்தானா? நுளம்பு யாரையும் கடிக்கும். யாரும் காலைத் தேய்ப்பான். அவனில்லை என்றால், நான் ஒரு அந்நியனின் அரிப்பை வைத்துக் கதை கட்டிக்கொண்டிருக்கிறேன். அவன்தான் என்றால், என்னை விட்டான், வாத்தியாரை விடவில்லை. வாத்தியாரும் திரும்பி வரவில்லை. இதில் எதைக் கொண்டுபோய் அந்தத் தாயின் கையில் கொடுப்பது? மகன் உயிரோடு இருந்ததைப் பார்த்தேன் என்றா? எப்படி இருந்தான் என்று கேட்பாரே. வாத்தியார் வீடு அவருடைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. சரி, இதையெல்லாம் விட்டுவிட்டு, என் மகள் தலையாட்டினால் நான் ஏன் ஸ்நோவுக்குள் ஓடுகிறேன் என்பதை மட்டும் அவளுக்குத் தனியாகச் சொல்லலாமே என்றால், தனியாக எப்படிச் சொல்வது? ஒன்றை இழுத்தால் முழுச் சாக்கும் பிரியும்.

கன்வென்ஷன் அன்று காலை காரை எடுத்துக்கொண்டு டிலானியின் முன்னால் போய் நின்றேன். "ஏறு பிள்ளை" என்றேன். வாலைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள்.

ஹோட்டல் வாசலில் என் வீரம் முடிந்தது. லொபி நிறையத் தலைகள். புலி, நாய், டிராகன், மான். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. உள்ளே இருக்கிறவனின் கண் தெரியாது. வாய் பேசாது. கதவடியில் நின்ற ஒரு பெரிய நாய் என்னை நேராகப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, தலையை மேலும் கீழும் ஆட்டியது. டிலானி உடுப்பு மாற்றப் போன இடைவெளியில் என் கால்கள் என்னைக் கேட்காமலே ஒரு முடிவெடுத்து, ஒரு பிளாஸ்ரிக் ஈச்சமரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் என்னை ஒளித்தன. ஒரு டிராகனிடமிருந்து ஒளிக்க ஒரு பிளாஸ்ரிக் ஈச்சமரம்! லெம்பேட் இருந்திருந்தால் இதற்கே ஒரு வருடம் சிரித்திருப்பான்.

பதிவு மேசையிலிருந்த ஒரு பெடியன் என்னைத் தேடி வந்தான். சாதாரண சேர்ட்டு, பின்னால் நரிவால். முதல் தடவையா என்று கேட்டான். அவன் கூட்டத்துக்கு வருவதைக் கேட்டான். நான் பயப்படுவதைக் கேட்கிறான் என்று நினைத்து "இல்லையில்லை, கனகாலமாக" என்றேன். அவன் முகம் பிரகாசித்தது. அப்படியானால் உங்கள் விலங்கு எது என்றான். என்ன சொல்கிறேன் என்று யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது: "கழுதை. முன்பாதி."

"இரண்டு பேர் போடுகிற சூட்டா!" என்று கத்தினான். அது எவ்வளவு கடினம், இப்போது யாரும் செய்வதில்லையே, எந்தக் காலத்தில் செய்தீர்கள், எதில் தைத்தீர்கள்? "அரிசிச் சாக்கில்" என்றேன். அவன் ஒரு டிராகனையும் ஒரு முயலையும் கூப்பிட்டு, இவர் பல வருடங்களுக்கு முன்பே அரிசிச் சாக்கில் சூட் செய்து ஆடியவர் என்று அறிமுகம் செய்தான். டிராகன் குனிந்து வணங்கியது. வாழ்க்கையில் ஒரு கூட்டம் என்னைக் கேள்வி கேட்காமல் தன்னுடைய ஆள் என்று எடுத்துக்கொண்டது அந்த ஈச்சமரத்தடியில்தான். விசா அதிகாரி எடுக்கவில்லை. எங்கள் ஊர்ச் சங்கம்கூட இன்னும் யோசிக்கிறது.

"உங்கள் பின்பாதி எங்கே? அவரும் வந்திருக்கிறாரா?" என்று பெடியன் கேட்டான்.

"இல்லை. அவருக்கு வர முடியவில்லை."

"அடுத்த வருடம் கட்டாயம் கூட்டிவாருங்கள். இரண்டு பேரையும் மேடையில் ஏற்ற வேண்டும்."

"பார்ப்போம்" என்றேன். அவன் ஒரு அட்டையை எடுத்து, தடித்த பேனையால் 'கழுதை (முன்பாதி)' என்று ஆங்கிலத்தில் எழுதி என் கழுத்தில் மாட்டினான்.

பரேட்டுக்கு வரிசை பிடித்து நின்றார்கள். வரிசை என்றாலே எனக்கு வியர்க்கும். என் பக்கத்தில் ஆஷ் முழு உடுப்போடு நின்றது. உடுப்புப் போட்டால் பேசக் கூடாது என்பது அவர்களுடைய பழக்கம். விலங்கு விலங்காகவே இருக்க வேண்டும். அது என்னைப் பார்த்தது, என் கழுத்து அட்டையைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது.

"தலையாட்டாதை பிள்ளை" என்றேன். "உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஓம் எண்டா என்ர கையை ஒருக்கா அமத்து. இல்லை எண்டா ரெண்டு தரம். எனக்கு உன்னில வெக்கம் இல்லை. விளங்குதோ?"

மயிர் நிறைந்த கை என் கையில் சும்மா கிடந்தது. நம்பவில்லை. நான் அந்த ஊதாக் காதருகே வாயை வைத்துச் சொல்லத் தொடங்கினேன். கழுதையைச் சொன்னேன். சாக்குக்குள் மட்டும் பேசுகிற லெம்பேட்டைச் சொன்னேன். அந்த இடத்தில் கை கொஞ்சம் இறுகியது. பிஸ்கற்றைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன், பூவரச மரத்தையும் கதிரையையும் காலையும் சொன்னேன். பக்கத்தில் ஒரு மான் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பகிடியும் இல்லாமல் நான் பேசி முடித்த முதல் கதை அது. சாக்குக்குள் போனவன்போல எனக்குப் பேச்சு வந்தது.

ஓநாய் அசையவில்லை. கண்ணிருக்கிற இடத்தில் கறுப்பு வலை. அதற்குள் என் மகள் அழுகிறாளா, வியர்க்கிறாளா என்று யார் கண்டது? பிறகு அதன் வலது கால், பஞ்சு வைத்துத் தைத்த அந்தப் பெரிய பாதம், மெல்ல எழும்பி இடது கெண்டைக்காலை ஒரு தரம் தேய்த்துவிட்டு இறங்கியது.

எனக்குப் பதில் சொன்னாளா, உள்ளே அரித்ததா என்று கேட்கவில்லை. அந்த உடுப்புக்குள் சரியான சூடு, எந்நேரமும் அரிக்கும் என்று முன்பே சொல்லியிருக்கிறாள். கேட்டு, "அரிச்சது அப்பா" என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இசை தொடங்கியது. வழியில் ஒரு படி இறங்க இருந்தது. ஆஷ் என் கையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. "வலம்" என்றேன். "படி. ஒண்டு. இனி நேர்." சனம் இரண்டு பக்கமும் நின்று கைதட்டியது. நான் முன்னுக்குப் பார்த்து நடந்தேன்.

வீடு திரும்பும்போது டிலானி ஓநாய்த் தலையை மடியில் வைத்திருந்தாள். மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. "நான் போறது போறதுதான் அப்பா" என்றாள். "ஆனா இப்ப கோவத்தில இல்லை." "ஓம் பிள்ளை" என்றேன். கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டாள்: "லெம்பேட் மாமாவின்ர அம்மாவுக்குச் சொல்லுவீங்களா?" அவனை மாமா என்று கூப்பிட இந்த நாட்டில் ஒருவரும் இருக்கவில்லை, இப்போது ஒரு ஓநாய் இருக்கிறது. சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். காரை எடுத்தேன். அந்தத் தாய்க்கு இன்றைக்கும் சொல்லவில்லை. பெயரை மாற்றி, ஊரைத் தள்ளி வைத்து, இப்படி எழுதத்தான் தெரிகிறது. அக்காவின் கோல் இன்னும் வருகிறது. அந்தக் கடைசிக் கேள்வியும் வருகிறது.

மாசக் கடைசியில் அவள் போய்விட்டாள். குளியலறைக் கம்பியில் இப்போது தலை இல்லை. அந்த இடத்தில் என் கழுத்து அட்டையை மாட்டியிருக்கிறேன். காலையில் பல் தீட்டும்போது சில நேரம் இடுப்பில் இரண்டு கை பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். சாரத்தை இறுக்கிக்கொண்டு "இடம்" என்று மெல்லச் சொல்வேன். ஸ்காபரோவின் குளிர்ந்த தரையில் இரண்டு அடி வைப்பேன். பின்னங்கால்கள் கூட வருகின்றனவா, இல்லை, பூவரச மரத்தின் கீழேயே நின்றுவிட்டனவா என்று தெரியாது. கழுதைக்குள் இருக்கிறவனுக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை.